நெவில் வைப்லின் வாய் திறக்காத இருபது ஆண்டுகள்

இங்கிலாந்தின் வாண்டேஜ் ஊரில் எங்கள் தெருப் பக்கம் யாரைக் கேட்டாலும் நெவில் வைப்லின் குடிகாரர் என்றுதான் சொல்வார்கள். குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். அறுபது வயதுவரை அவர் குடித்த பியர் முழுவதையும் ஒன்றாக ஊற்றினால் ஒரு வாளி நிறையாது. இது எனக்கே போன வருடம்தான் தெரியும். அவர் மனைவி ஹேசலுக்கு அதுவரை தெரியாது. மகள் லீயனுக்கும் தெரியாது. தாத்தா ஓட்டும் காரில் தன் இரண்டு பிள்ளைகளையும் ஏற விடுவதில்லை என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

இதற்கெல்லாம் காரணம் இரண்டு. ஒன்று, நாங்கள் வேலை செய்த ஹேக்பென் எஞ்சின்ஸ் என்ற கம்பெனி. இன்னொன்று நான்.

கம்பெனி ஊருக்கு வெளியே, போர்க்காலத்து விமானத் தளத்தில் இருந்தது. விமானம் மாதிரி ஓடுபாதையில் கிளம்பி, விண்வெளிக்குப் போய், அதே ஓடுபாதைக்குத் திரும்பி, மறுபடியும் கிளம்பக்கூடிய வண்டி ஒன்றுக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்தோம். வண்டி எங்கே என்று கேட்காதீர்கள். கடைசிவரை எஞ்சினே முடியவில்லை. ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் போகும்போது உள்ளே புகும் காற்று ஆயிரம் டிகிரிச் சூட்டில் இருக்கும். அதைக் கண் இமைக்கும் நேரத்தில் பனிக்கட்டியைவிடக் குளிர வைக்க வேண்டும். அதற்குத் தலைமுடியைவிட மெல்லிய சுவர் கொண்ட குழாய்கள், ஆயிரக்கணக்கில். அவற்றை வரிசையாக அடுக்கி, ஒரு பொட்டுக் கசிவு இல்லாமல் பற்றவைப்பவர் நெவில். குளிர வைக்கும் வேலை என்பதால் தொழிற்கூடத்தில் அவருக்கு "ஃபிரிட்ஜ்" என்று பெயர். "என்னடா ஃபிரிட்ஜ், இன்னைக்காவது பால் கெடாம இருக்குமா?" என்று காலையில் எவனாவது கத்துவான். அவர் சிரித்துக்கொண்டே தன் பகுதியை மறைத்திருந்த திரைக்குப் பின்னால் போய்விடுவார்.

அந்தத் திரைக்குப் பின்னால்தான் கம்பெனியின் உயிர் இருந்தது. காற்றில் ஈரம் இருக்கிறதல்லவா? திடீரென்று குளிர்ந்தால் அந்த ஈரம் பனியாகிக் குழாய்களுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். சில விநாடிகளில் எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த இடத்தில்தான் தோற்றார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர் டாக்டர் பென்ஹாலோ ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை. வாங்கினால் அதை ஊரறிய அச்சிட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யாருக்கும் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்தார்.

கண்டுபிடிப்பு இதுதான்: குழாய்களுக்கு முன்னால் ஒரு வளையம். அதில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள். அவற்றின் வழியாகக் காற்றில் மெத்தனால் தெளிப்பது. ஈரம் அதோடு கலந்தால் உறையாமல் வடிந்துவிடும். மெத்தனால் என்றால் நம் ஊர்ப் பத்திரிகைகளில் கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் வருமே, அதே சரக்கு. ஆனால் கம்பெனிக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. காகிதத்தில் "திரவம் பி". வாய்ப்பேச்சிலும் "பி".

நெவில் 2003-இல் சேர்ந்தார். முதல் நாளே பென்ஹாலோ அவரை உட்கார வைத்து ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். கம்பெனியின் முறைகளைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. மனைவி மக்களிடமும் கூடாது. யாராவது சரியாக ஊகித்துச் சொன்னாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. டிவியில் கம்பெனியைப் பற்றி வந்தால் அணைத்துவிட வேண்டும். இதற்குக் காலக்கெடு கிடையாது. கம்பெனி எழுத்தில் விடுவிக்கும்வரை.

இப்படி ஒரு பத்திரத்தில் நானும்தான் கையெழுத்திட்டேன். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அன்று மாலையே பாதியைச் சொன்னேன். எல்லோரும் அப்படித்தான். நெவில் அப்படி இல்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். நல்ல குணம் என்று சொல்வார்கள். எனக்கு இப்போது அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

தெளிப்பு வளையத்தைச் செய்வதும் சோதிப்பதும் அவர் வேலை. கையுறை, முகமூடி எல்லாம் உண்டு. ஆனாலும் தலைமுடியிலும் சட்டைக் கையிலும் லேசாக ஒரு வாடை ஒட்டிக்கொள்ளும். சாராய வாடை. அதோடு வீட்டுக்குப் போவார்.

முதல் சில வருடங்கள் ஹேசல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டபோது பேச்சு இப்படிப் போனதாம். பல வருடம் கழித்து நெவில் எனக்குச் சொன்னது.

"குடிச்சியா?"

"இல்ல."

"அப்ப இது என்ன வாடை?"

"வேலை."

"என்ன வேலை?"

"சொல்ல முடியாது ஹேசல்."

"சாராயக் கடையிலயா குழாய் மாட்டுற? அதையாவது சொல்லித் தொலையேன்!"

அவர் சொல்லவில்லை. இப்படியே வருடத்துக்கு நாலு தடவை, பிறகு மாதத்துக்கு நாலு தடவை. 2015-இல் லீயனுக்கு முதல் குழந்தை பிறந்தது. நெவில் அதைத் தூக்கிக் கொஞ்சப் போனபோது லீயன் மூக்கைச் சுளித்துக் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "மொதல்ல அந்தப் பழக்கத்தை விடுங்கப்பா, அப்புறம் தூக்கலாம்" என்றாள். அன்று இரவு ஹேசல் கடைசியாகக் கேட்டாள். நெவில் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

"ஆமா, குடிக்கிறேன்னு சொல்லிட்டேன் மாலினி. சொன்னதும் அவ அழுதா. அழுதுட்டுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் என்னைத் தொட்டா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அடுத்த வருடம் முதல் வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்கு மாதா கோயில் மண்டபத்தில் குடியை விட நினைப்பவர்களின் கூட்டம். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, பிஸ்கட், தேநீர். ஒவ்வொருவராக எழுந்து நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். நெவில் எழுந்து நின்று, "நான் நெவில், நான் குடிகாரன்" என்று சொல்லியிருக்கிறார். எதைக் குடிப்பீர்கள் என்று கேட்டார்களாம். சைடர், அதாவது ஆப்பிள் மது என்றாராம். எவ்வளவு என்றார்களாம். பக்கத்து நாற்காலிக்காரர் சொன்ன அளவில் பாதியைச் சொல்லிவைத்தாராம். அதே நேரத்தில் அடுத்த அறையில் குடிகாரர்களின் குடும்பத்தினர் கூட்டம். அங்கே ஹேசல் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து தன் திருமண வாழ்க்கையைக் கொட்டினாள். ஒரு வருடம் முடிந்ததும் குடிக்காமல் இருந்ததற்காக நெவிலுக்கு ஒரு வட்டப் பதக்கம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரமே பெரிய சோதனை ஓட்டம். சட்டை முழுக்க வாடை. ஹேசல் ஒரு வார்த்தை பேசாமல் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் படுக்கை அங்கேதான்.

இது ஊருக்கும் தெரிந்தது. என் காதுக்கும் வந்தது. நான் அவருக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். திரவம் பி என்றால் என்ன என்று தெரிந்த என் மண்டையில் இரண்டும் இரண்டும் நாலாகச் சேரவில்லை. வீட்டில் சொல்லாமலா இருப்பார் என்று நினைத்தேன். நெவிலா, குடிக்கிறாரா, ஐயோ பாவம் என்று நானும்தான் உச்சுக் கொட்டினேன்.

2023 பிப்ரவரியில் கம்பெனி திவாலானது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து காகிதத்தைப் பார்த்துப் படித்தார். இருபது நிமிடத்தில் சொந்தப் பொருட்களை எடுத்துக்கொண்டு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பென்ஹாலோ இரண்டு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை. நெவில் அவசரமாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அந்தப் பத்திரம்?" கோட்டுக்காரர், "எந்தப் பத்திரம்?" என்றார்.

அடுத்த ஆறு மாதம் நெவில் வேலை தேடினார். தேடிய இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: கடைசி இருபது வருடம் என்ன செய்தீர்கள்? குழாய் பற்றவைத்தேன் என்பார். எதற்கான குழாய்? சொல்ல முடியாது. அறுபதை எட்டப் போகிற மனுஷன், இருபது வருடத்துக்கு இந்தப் பதிலைச் சொன்னால் சிறையிலிருந்து வந்தவர் என்று நினைப்பார்களா மாட்டார்களா? இரண்டு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். கம்பெனியை ஏற்றுக்கொண்டிருந்த திவால் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: என் வாயைத் திறக்க யாராவது அனுமதி கொடுங்கள். மூன்று வரியில் பதில் வந்தது. ஊழியர்களின் கடப்பாடுகள் அனைத்தும் தொடர்கின்றன. கம்பெனியின் முறைகள் விற்பனைக்கு உள்ளன. நன்றி.

"கம்பெனி செத்துப்போச்சு. ஆனா என்னை விட மாட்டேங்குது" என்று சொல்லி அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டினார். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. திவால் ஆட்கள் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

பிரிஸ்டலில் ஒரு கம்பெனி. அதிவேக விமான எஞ்சின்களுக்குக் குளிர்விப்பான் செய்ய ஆள் தேடியது. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அன்று பார்த்து ரயில் வேலைநிறுத்தம். ஹேசலிடம் காரைக் கேட்டால் சாவியைத் தர மாட்டாள். நான் என் காரில் கூட்டிப்போனேன்.

வழியெல்லாம் டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "இதுதான் கடைசி மாலினி. இதுவும் போச்சுன்னா தோட்டக் கடையில உர மூட்டை தூக்க வேண்டியதுதான். தூக்கலாம், தப்பில்ல. ஆனா செத்த பிறகுகூட நான் என்ன செஞ்சேன்னு ஒருத்தருக்கும் தெரியாம போயிடும்."

"கேட்டா எதையாவது சொல்லுங்க நெவில். ஒரு சாம்பிளாவது."

"சொல்ல முடியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

கார் நிறுத்துமிடத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். வெளியே வந்தவர் கையில் சில காகிதங்கள் இருந்தன. கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட் போடவில்லை.

நேர்காணல் செய்தவர் பிலிப்பா ஓக்லி என்ற பொறியாளர் அம்மா. நன்றாகத்தான் பேசினாராம். குழாய், சூளை, கசிவுச் சோதனை எல்லாவற்றுக்கும் நெவில் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"பனி அடைக்குமே, அதை எப்படிச் சமாளிச்சீங்க?"

"மன்னிக்கணும். சொல்ல முடியாது."

"பரவாயில்ல, பொதுவா சொல்லுங்க."

"பொதுவாவும் முடியாது மேடம்."

ஓக்லி கோப்பிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாராம். "மிஸ்டர் வைப்லின், இது உங்க கம்பெனியோட காப்புரிமை. மெத்தனால் தெளிப்பு வளையம், படம் எல்லாம் இருக்கு. வெளியாகி ஒன்பது வருஷம் ஆச்சு. எங்க பயிற்சிப் பசங்களே படிச்சிருக்காங்க."

நெவில் அதைப் பார்த்தார். தன் கையால் துளையிட்ட வளையம், கோட்டுப் படமாக. ஏதோ சோதிக்கிறார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பத்திரத்தில் இருந்தபடியே சொன்னார்: "நான் ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மென்மையாகக் கேட்டாராம்: "நீங்க நெஜமாவே அந்தப் பகுதியிலதான் வேலை செஞ்சீங்களா?"

"அந்தக் கேள்வியைக் கேட்டுட்டாங்க மாலினி" என்றார் நெவில். காகிதத்தை என் மடியில் வைத்தார். "தேதியைப் பாரு. 2014. இது நெஜமா?"

தேதியைப் பார்த்தேன். எனக்கு அந்த வருடம் நன்றாக நினைவிருந்தது.

ஏனென்றால் கம்பெனியில் ஆவணப் பிரிவு நான்தான். மேல்தளத்தில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு காகிதமும் என் மேசை வழியாகத்தான் போகும். 2014-இல் முதலீட்டாளர்களிடம் எதையாவது காட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, பென்ஹாலோ மனசு மாறிக் காப்புரிமை வாங்கினார். அது வெளியான வாரம் ஒரு பக்க அறிவிப்பு எழுதி என்னிடம் கொடுத்தார். பனித் தடுப்பு முறை இன்றுமுதல் ரகசியம் அல்ல, ஊழியர்கள் இதுபற்றி வெளியே பேசலாம், குடும்பத்தாரிடமும் சொல்லலாம், இதுவே எழுத்துபூர்வமான விடுவிப்பு. அறிவிப்புப் பலகைகளில் ஒட்டச் சொன்னார்.

அவர் அறையிலிருந்து எது வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். சிவப்பு முத்திரையை எடுத்துக் குத்துவேன். "ரகசியம். மேல்தளம் மட்டும்." ஒன்பது வருடப் பழக்கம், கை தானாகப் போகும். இதற்கும் குத்திவிட்டேன். ரகசியம் முடிந்தது என்று சொல்கிற காகிதத்தின் மேலேயே ரகசியம் என்று முத்திரை. குத்திய பிறகு விதிப்படி அதைக் கீழ்த்தளத்தில் ஒட்ட முடியாது. மேல்தளப் பலகையில் மட்டும் ஒட்டினேன். தொழிற்கூடத்து ஆட்களின் நீல அட்டைக்கு மேல்தளக் கதவு திறக்காது. அவர்களுக்கு மின்னஞ்சலும் கிடையாது. திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மீதி நெவில். மேலே இருந்த நாங்கள், கீழே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம். மேலே இருப்பவர்களுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

இதையெல்லாம் காரிலேயே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவருக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

நெவில் காகிதத்தை என் மடியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு, "2014-ல எந்த மாசம்?" என்றார்.

"மே."

"லீயனோட பாப்பா அதுக்கு அடுத்த வருஷம்தான் பொறந்தா." விரலை மடக்கினார். "மாதா கோயில் மண்டபம் அதுக்கும் அடுத்த வருஷம். அவ்வளவும் அப்புறம்தான்."

"நெவில், என்னை மன்னிச்சிடுங்க."

"நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன் மாலினி. ஒவ்வொரு வியாழக்கிழமையும். கை தட்டினாங்க." கார்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும், "நீயும் உள்ள வா" என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டா. போதையில உளர்றேன்னுதான் நெனைப்பா."

ஹேசல் மரியாதை தெரிந்த பெண்மணி. என்ன ஏது என்று கேட்கும் முன்பே கெட்டிலைப் போட்டாள். மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நெவில் காகிதத்தை அவள் முன்னால் வைத்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நெஜமாகவே வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. கடைசியில் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரையையும் சேர்த்து.

ஹேசல் முழுதாகக் கேட்டாள். காகிதத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வார்த்தையைத் தேடிப் படித்தாள். "மெத்தனால்." இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பால் எவ்வளவு ஊத்தணும்?" என்றாள்.

"கொஞ்சமா போதும்."

தேநீரை என் முன்னால் வைத்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள். "முத்திரை குத்துனவளை நான் என்ன சொல்ல? அவ யாரோ. அவ சொல்லலன்னா நீ சொல்லியிருக்கலாம்ல? முதல் பதினோரு வருஷம் சட்டம்னு வெச்சுக்கோ. ஒரே ஒரு ராத்திரி, விளக்கை அணைச்சிட்டு, காதுல சொல்லியிருக்கலாம்ல? என்ன பண்ணியிருப்பேன்? ரஷ்யாக்காரனுக்குப் போன் பண்ணியிருப்பேனா?"

"கையெழுத்துப் போட்டிருந்தேன் ஹேசல்."

"எங்கூடவும்தான் போட்ட. கல்யாணத்தன்னைக்கு, அதே மாதா கோயில்ல." குரலை உயர்த்தவே இல்லை அவள். "எங்கம்மா சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் குடிகாரனை விட்டுட்டு வந்துடுடின்னு சொன்னாங்க. நீ பக்கத்துலதான் நின்ன. அப்பவும் நீ வாயைத் திறக்கல."

நெவில் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப சொல்றேன்" என்றார் மெதுவாக. "என்ன வேணும்னாலும் கேளு. எல்லாம் சொல்றேன்."

"எனக்கு இப்ப என்ன இருக்கு கேக்க?" என்றாள் ஹேசல். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆனாலும் அன்று சாயங்காலம் அவளே லீயனுக்குப் போன் செய்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை நெவில் பேரப்பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குத் தானே காரை ஓட்டிக் கூட்டிப்போவதைப் பார்த்தேன். முப்பது மைல் வேகச் சாலையில் இருபதில் போனார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

நான் ஓக்லிக்குக் கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது, அந்த மனுஷன் அங்கேதான் வேலை செய்தார், அவரைப் போல ஆள் கிடைக்க மாட்டார் என்று இரண்டு பக்கம். பதிலை எதிர்பார்க்கவில்லை. நாலாம் நாள் நெவிலுக்குப் போன் வந்தது. வேலை அவருக்குத்தான். நேர்காணலுக்கு வந்த மற்ற மூன்று பேரும் கேட்காததையெல்லாம் தங்கள் பழைய கம்பெனிகளைப் பற்றிக் கொட்டினார்களாம். வாயை மூடத் தெரிந்தவர் இவர் ஒருவர்தானாம். இவர்கள் செய்யும் எஞ்சின் ராணுவத்துக்கு. அதனால் இவரைப் போன்ற ஆள்தான் வேண்டுமாம். சேரும் நாளன்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

நெவில் என் வீட்டு வாசலில் வந்து நின்று இதைச் சொன்னார். சந்தோஷப்படுவதா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"ஹேசல் என்ன சொல்றாங்க?"

"உர மூட்டை தூக்குன்னு சொல்றா. தூக்கிட்டு வந்து ஒவ்வொரு மூட்டையைப் பத்தியும் எங்கிட்ட கதை சொல்லுங்கிறா." கைகளைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் மாலினி. ஆறு மாசமா குழாயைத் தொடல. தோட்டத்து வாளி ஓட்டையைப் பற்றவைச்சேன். மூணு வாளி. பக்கத்து வீட்டு வாளியையும் கேட்டு வாங்கினேன்."

"அப்ப போகப் போறீங்களா?"

"நீ வரணும். சாட்சிக் கையெழுத்துக்கு உறவுக்காரங்க கூடாதாம். வேற யாரைக் கேப்பேன்?"

வேறு யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை ஓக்லியின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். பத்திரம் பதினோரு பக்கம். நெவில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். மனைவி மக்கள், ஊகம், ஆமாம், இல்லை, எல்லாம் இருந்தது. வார்த்தைகள் மட்டும் புதிது. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது முடியும்போது யார் வந்து எங்கிட்ட சொல்லுவாங்க?"

"அப்போ அறிவிப்பு வருமே" என்றார் ஓக்லி.

"யார்? பேர் என்ன?"

ஓக்லி பத்திரத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மிஸ்டர் வைப்லின்."

"என் மனைவி பேரைப் போட்டுக்கங்க. முடிஞ்சா அவகிட்ட சொல்லுங்க. என்ன ரகசியம்னு சொல்ல வேணாம். முடிஞ்சிடுச்சுன்னு மட்டும் சொன்னா போதும்."

"வெளியாள்கிட்ட அதையும் சொல்லக் கூடாதே. ரகசியம் ஒண்ணு இருக்குங்கிறதே..." அந்த அம்மா பாதியில் நிறுத்தினார். அவருக்கும் தர்மசங்கடமாகத்தான் இருந்தது.

நெவில் தலையாட்டினார். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. சன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் தள்ளுவண்டியில் குழாய்க் கட்டுகளைக் கொண்டுபோனார். நெவிலின் கண் அதன் பின்னாலேயே போனது. எத்தனை நீளம், என்ன உலோகம் என்று அவர் மனதுக்குள் அளப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"போடு மாலினி. வேலைக்கு நேரமாச்சு."

நான் போட்டேன்.